இங்கே கேட் கூண்டு போடப்படும்

புகைக்குழாய் பார்க்கும் எக்ஸோஸ் கடைக்காரன் பாதி நாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பான், மீதி நாள் எதிர்க்கடையைப் பார்த்து வயிறு எரிவான். நான் இரண்டாவது வேலையில்தான் அதிகக் கெட்டிக்காரன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் எதிரே ஒருத்தன் இருப்பான். கடை இல்லாவிட்டால் ஆபீசில் பக்கத்து மேசையில், அதுவும் இல்லாவிட்டால் மச்சினன் உருவத்தில்.

என் ஆளின் பெயர் தனபாலன். இருவரும் பாலோ தோட்டத்துப் பிள்ளைகள். பத்து பாகாட்டில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரே சீன முதலாளியிடம் குழாய் வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் கற்றுக்கொண்டோம். நான் ஸ்கூடாயில் கடை போட்டேன். எட்டு மாதம் கழித்து அவனும் போட்டான், நேர் எதிரே. ஸ்கூடாய் எவ்வளவு பெரிய ஊர், வேறு இடமா இல்லை?

ஏர்கோன்

இப்போது எங்கள் பக்கம் திருடர்களுக்குப் பிடித்த சாமான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கார் புகைக்குழாயின் நடுவே சின்னப் பானை மாதிரி இருக்கும். புகையைச் சுத்தம் செய்வதற்காக உள்ளே கொஞ்சம் விலையுயர்ந்த உலோகம் வைத்திருக்கிறார்கள், வினையே அதுதான். ஜாக்கி வைத்துத் தூக்கி, பேட்டரி ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்தால், ஆர்டர் செய்த தே தாரிக் டீ மேசைக்கு வருவதற்குள் கழற்றிவிடலாம். அதைச் சுற்றி இரும்புக் கம்பியில் கூண்டு செய்து, காரின் சட்டத்தோடு முடுக்கி, யாரும் கழற்ற முடியாதபடி போல்ட்டுகளின் தலையை முறித்துவிடுவது எங்கள் வேலை.

தொழில் சூடு பிடித்தது. எனக்கு வெதுவெதுப்பாக, தனபாலனுக்குக் கொதிக்கக் கொதிக்க. அவன் கண்ணாடி அறை கட்டி, ஏர்கோன் மாட்டி, சோபா போட்டு, பிஸ்கட்டும் வைத்தான். என் கடையில் ஒரு மின்விசிறி உண்டு, அதுவும் என்னைப் பார்த்துத்தான் சுற்றும். ஒருநாள் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் காரை விட்டார். எதிர்க்கடைக்குப் போகாமல் என்னிடம் வந்தாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "அண்ணே, வேலை முடியறவரைக்கும் எதிர்ல போய் ஏர்கோன்ல உக்காந்துக்கலாமா?"

பலகை

கன்வெர்ட்டரை நாங்கள் கடையில் சுருக்கமாக 'கேட்' என்போம். தனபாலனின் பலகையில் மலாயும் ஆங்கிலமும்தான். தமிழ் ஆட்களையாவது இழுத்துவிடலாம் என்று நான் கொட்டை எழுத்தில் 'இங்கே கேட் கூண்டு போடப்படும்' என்று தமிழில் எழுதி வைத்தேன்.

முதல் நாள் ஒரு பெரியவர் அளவு நாடாவோடு வந்தார். அவர் வீட்டு வாசல் கேட் பன்னிரண்டு அடியாம், கறுப்புச் சாயம் போதுமாம். அவரைச் சமாதானம் செய்து அனுப்பி மூன்று நாள் ஆகவில்லை, ஓர் அம்மா கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் புசுபுசுவென்று ஒரு வெள்ளைப் பூனை. பூனைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கேட்'டைத்தான் நான் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார். இது காருக்கு என்று நான் விளக்க விளக்க, அவர் நம்பாமல் எதிரே கை காட்டினார்: "அந்தக் கடை தம்பிகிட்ட கேட்டேன், பூனைக் கூண்டுன்னா மணியம் அண்ணன அடிச்சுக்க ஆளே இல்லன்னு சொன்னாரே!"

நம்பர்

கன்வெர்ட்டர் மேல் கார் நம்பரைப் பொறித்துவிட்டால் திருடன் விற்கத் தயங்குவான். தனபாலன் இதை இலவசமாகச் செய்தான். நானும் செய்தேன், வேறு வழி? வேன் ஓட்டும் ஒருவர் பொறித்த நம்பரைத் தடவிப் பார்த்தார். முகத்தில் திருப்தியே இல்லை. எழுத்து கோணலா என்று கேட்டேன். அவருக்கு வேண்டியது வேறு நம்பர். திருடு போன கார்களின் எண்கள் என்னிடம் இருக்குமாம், நாலு நம்பர் லாட்டரிக்கு எழுத வேண்டுமாம். அப்படி எதுவும் என்னிடம் இல்லை என்றதும் சலித்துக்கொண்டார்: "அலமாக், என்ன அண்ணே நீங்க! போன வாரம் தனபாலன் கொடுத்த நம்பர் அடிச்சிருச்சு லா."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அதிர்ஷ்டத்தைக்கூட எதிர்க்கடையில் இலவசமாகத் தருகிறான்.

ஒரே அளவு

என் சொந்தக் காருக்கு மட்டும் கூண்டு கிடையாது. என் மனைவி விஜயா அதில்தான் தொழிற்சாலைக்குப் போய் வருகிறாள். அவள் மூன்று மாதம் நச்சரித்த பிறகு, ஒருவழியாகக் கம்பி வெட்டி, வெல்டிங் வைத்து, கூண்டைத் தயாராக்கினேன். மூலையில் வெல்டிங் முடியும் இடத்தில் பொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி கூடுதலாக வைப்பது என் பழக்கம். தவுக்கே இதற்காக என்னை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார்.

அதை மாட்டப் போகும் நேரத்தில் ஓர் ஆசிரியை வந்தார். தனபாலனிடம் கம்பி தீர்ந்துவிட்டதாம், நாளைக்கு வரச் சொன்னானாம். அவருடையதும் எங்கள் காரின் ரகம்தான், அளவில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. தனபாலனின் வாடிக்கையாளர் தானாக என் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது? விஜயாவின் கூண்டை எடுத்து அவர் காரில் மாட்டிவிட்டேன். ஆசிரியை குனிந்து பார்த்து மனதாரப் பாராட்டினார்: "பரவாயில்லையே, அப்படியே தனபாலன் கடைல செஞ்ச மாதிரியே இருக்கு!"

மண்டபம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து பாகாட்டில் தவுக்கேயிடம் எங்களோடு வேலை பார்த்தவரின் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் தனபாலனின் காருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பந்தியில் எனக்கு எதிரே அவன் உட்கார்ந்தான். அங்கேயும் எதிரே!

சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். கார் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. எனக்குக் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கன்வெர்ட்டர் போன காரின் குரலைத் தினமும் கேட்கிறவன் நான். விஜயா பட்டுச்சேலையில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை வேலைக்கு எதில் போவாள்? என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. வாசலில் பாதிக் கல்யாணக் கூட்டம் கூடிவிட்டது. எக்ஸோஸ் கடைக்காரன் காரிலேயே கேட் போச்சாம் என்று யாரோ சிரித்தார்கள்.

தனபாலனுடையதும் போயிருக்கட்டும், கடவுளே, அவனுடையதும் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, வேட்டியோடு தார்த்தரையில் படுத்து அவன் காருக்கு அடியில் பார்த்தேன். அது பத்திரமாக இருந்தது. கம்பியில் ரம்பம் பட்ட தழும்பு மட்டும்தான். திருடன் முதலில் இங்கே அறுத்துப் பார்த்து, முடியாமல்தான் என் காருக்கு வந்திருக்கிறான். கூண்டின் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தவுக்கேயிடம் கடைசி வருஷம் இவன் இந்தக் காரை வாங்கியபோது, மிச்சக் கம்பியில் நான் செய்து இதில் மாட்டிப் பழகிப் பார்த்த முதல் கூண்டு இது. சொந்தக் கடையில் நாலு வெல்டர் வைத்திருப்பவன் இதை இன்னும் மாற்றவில்லை. தனபாலனும் வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தான். அந்தப் புள்ளியைக் காட்டி மெதுவாகச் சொன்னான்: "உன் கை வராதுடா மணியம் எனக்கு. அந்த வயித்தெரிச்சல்லதான் உனக்கு நேர் எதிர்லயே வந்து கடை போட்டேன்."

மறுநாள் விஜயா காரை அவன் கடையில்தான் விட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால், நானும் அந்த ஏர்கோன் அறை சோபாவில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, கண்ணாடி வழியாக எதிரே பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அங்கிருந்து பார்த்தால் என் கடையும் வயிறு எரியும்படியாகத்தான் இருக்கிறது.