அம்மாவுக்கு மௌன அஞ்சலி வேண்டாம்

அம்மா அமைதியாக இறைவனடி சேர்ந்தார் என்று எழுதும்படி தம்பி சொன்னான். எழுதமாட்டேன். கடைசி வாரத்திலும் எங்களோடு வாதாடிவிட்டுத்தான் போனார்.

வெள்ளாங்குளத்தில் பிறந்து தலைமன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவர் அம்மா. அப்பாவைக் கடல் கொண்டபின் கருவாடு விற்று எங்கள் மூவரையும் படிப்பித்தார். எங்கள் பகுதியில் எந்தச் செத்தவீடானாலும் செபமாலையின் ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதியை அவரே சொல்வார். கூடியிருப்பவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். அந்தக் குரல் தெருமுனைவரை கேட்கும்.

குரல் கரகரத்தபோது சளித் தடிமன் என்று நினைத்து மாதக்கணக்காகக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். அது எங்கள் பிழை. குரல்வளையில் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்னார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள்.

பார்க்க வந்தவர்களில் சிலர், அவருக்குக் காது கேளாது என்பதுபோலக் கத்தினார்கள். அம்மா சத்தமின்றி வாயை மட்டும் அசைத்ததால், சிலர் தாங்களும் கிசுகிசுத்தார்கள். எல்லாருக்கும் நானே பதில் சொன்னேன். அதை உதவி என்று நம்பினேன்.

பேச்சுச் சிகிச்சை தந்த மிஸ், காற்றை உணவுக்குழாய்க்குள் இறக்கி, ஏப்பம்போல வெளியே விட்டு, அதையே சொல்லாக்கப் பழக்கினார். அம்மா சோடாவைக் குடித்துக் குடித்து அடுப்படியில் பழகினார். அயலுக்குக் கேட்டுவிடும் என்று நான் யன்னலைச் சாத்தினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் அதைத் திறந்துவிட்டார். ஒருநாள் சுகம் விசாரித்தவருக்கு வழக்கம்போல் நான் பதில் சொல்லத் தொடங்க, அம்மா என்னைத் தள்ளிவிட்டு, "போடி, நான் கதைக்கிறன்" என்றார். சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் வாயால் நான் கேட்ட முதல் வசனம் அதுதான்.

அடுத்த செத்தவீட்டுக்குச் செபமாலையோடு போய் முன்னுக்கு உட்கார்ந்தார். ஏப்பச் சத்தத்தில் செபம் சொல்வது அவமரியாதை என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியம்மா பக்குவமாகச் சொன்னார்: "மனதுக்குள்ள சொல்லுங்கோ பிள்ளை, ஆண்டவருக்குக் கேட்கும்."

"அவருக்குக் கேட்கும். உங்களுக்கும் கேட்கட்டும்" என்றார் அம்மா.

முதற்பாதியைச் சொன்னார். ஒருவரும் மறுபாதியைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அம்மா மீண்டும் காற்றை விழுங்கி அதையே சொன்னார். மூன்றாம் முறை, கணவனை இழந்து பெட்டியருகே இருந்த பிலோமினா அக்கா அழுதபடியே மறுபாதியைச் சொன்னார். பிறகு வீடு முழுவதும் சொன்னது. நோய் திரும்பி வந்து அவரைப் படுக்கையில் போடும்வரை ஒரு செத்தவீட்டையும் அம்மா விடவில்லை.

பழக்கிய மிஸ்ஸுக்கும், பிலோமினா அக்காவுக்கும், கடைசி நாட்களில் மாறி மாறித் துணையிருந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வாய் திறவாமலிருந்து, பின்னர் அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, என்மீதும்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்துக்கு வீட்டுக்கு வாருங்கள். மௌன அஞ்சலி கிடையாது. முதற்பாதியை நான் சொல்வேன். மறுபாதியை, தெருமுனைவரை கேட்கும்படி, நீங்கள் சொல்லுங்கள்.