காக்கிச் சட்டைக்குக் கறந்த ஆடு

தம்பி பிறந்து மூன்றாம் மாதம், ஆவணி பிறந்த கையோடு, அம்மாவும் நானும் பருத்திப்பட்டுக்குத் திரும்பி வந்தோம். முழுப் பரீட்சை முடிந்ததும் பிரசவத்துக்கென்று திருத்தணிப் பக்கம் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஓடியிருந்தது. படிப்பு கெடுகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. அம்மாவின் கவலையெல்லாம் ஏழு கோழிகளும் ஒரு சினை ஆடும்தான். அவற்றை எங்கள் நைனாவின் பொறுப்பில் அல்லவா விட்டுவிட்டுப் போயிருந்தோம்!

நைனாவைக் குறை சொல்லக் கூடாது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை; போக வர சைக்கிள்தான். அதற்கு நடுவிலும் ஒரு வேளை தவறாமல் தீனி போட்டிருந்தார். ஆனால் கோழிக்கூட்டைக் கூட்டி அள்ள வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது தானாகவே சுத்தமாக இருக்கும் என்று அத்தனை வருடமும் நினைத்திருப்பார் போலிருக்கிறது. கூட்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்கு எச்சம். கோழிகள் அந்த வீடே வேண்டாமென்று விறகுக் குவியலுக்குக் குடிபோய், முட்டையையும் அங்கேயே இட்டு வைத்திருந்தன. ஆடு ஒரே ஒரு குட்டி போட்டிருந்தது. தாயாட்டின் குளம்பு நான்கும் வளர்ந்து முனை மடங்கி, பெரியவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி தத்தித் தத்தி நடந்தது. காது நிறைய உண்ணி.

"இன்னாய்யா இது?" என்றாள் அம்மா, இடுப்புப் பிள்ளையை இறக்கிக்கூட வைக்காமல்.

"இன்னா, இன்னாய்யா? தீனி போட்டேன், தண்ணி காட்னேன். ஒண்ணாச்சும் செத்துச்சா?" என்றார் நைனா.

"சாவல. நாறிக்கினு கீது!"

மூன்று நாள் வேலை பின்னிப் பெடலெடுத்தது. தம்பியைப் புங்க மரத்துத் தூளியில் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா கூட்டைச் சுரண்டினாள். நான் கூடை கூடையாக அள்ளி எருக்குழியில் கொட்டினேன். கோழிகளுக்குச் செள்ளுப் பூச்சி போக இறக்கைக்குள் சாம்பல் தேய்த்தோம். நான் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அம்மா கத்தியால் குளம்பைச் சீவினாள். வேலை முடியும்வரை வாய் ஓயாமல் நைனாவைத் திட்டித் தீர்த்தாள். அத்தனை திட்டியும் முகம் மட்டும் ஏனோ சிரித்தபடியே இருந்தது.

எல்லாம் ஒழுங்குக்கு வந்தது, ஆட்டைத் தவிர. அதற்கு அதுதான் தலையீத்து. மடியில் முதன்முதலாகக் கை வைத்தது நைனா. அம்மா சொம்போடு போய் உட்கார்ந்தால் உதைக்கும், துள்ளும், பாலை இழுத்து வைத்துக்கொள்ளும். அம்மாவுக்கோ தாய்ப்பால் பத்தவில்லை. தம்பிக்கு ஆட்டுப்பாலைத்தான் காய்ச்சி ஊற்ற வேண்டும். நைனா வேலைக்குப் போகுமுன் கறந்து வைப்பது பகலுக்குள் திரிந்துபோகும். மத்தியானம் தம்பி பசியில் வீறிடும்போது அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, நைனாவின் தங்கை, வந்து பார்த்தாள். "கறக்காத ஆட்டக் கட்டிகினு இன்னா பண்ணப் போற அண்ணி? வித்துத் தள்ளிட்டு வேற ஆடு புடி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார் நைனா. வேப்பங்கொழை ஒடித்துப் போட்டு நான் வளர்த்த ஆடு அது. கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சனிக்கிழமை பகலில்தான் அதைப் பார்த்தேன். நைனாவுக்குத் தொழிற்சாலையில் கொடுத்தது இரண்டு காக்கிச் சட்டை. அழுக்கானது பின்கதவு ஆணியில் தொங்கும். ஆடு கயிற்றை எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு போய், அந்தச் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்து நின்றுகொண்டிருந்தது. நைனா வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே கறந்து பழக்கியிருக்கிறார்!

"எம்மா, அதுக்கு சட்டைதாம்மா வேணும்! எடுத்து மாட்டிக்கோயேன்" என்று கத்தினேன்.

"சீ, கழுதை" என்றாள் அம்மா. தூளியில் தம்பி மறுபடி வீறிட்டான். அம்மா சட்டென்று சட்டையை உருவிப் புடவைமேல் மாட்டிக்கொண்டாள். மெஷின் எண்ணெயும் பீடியும் கலந்த நெடி. கை நீளம் விரலையும் தாண்டித் தொங்கியது. அப்படியே போய் உட்கார்ந்தாள். ஆடு ஒருமுறை முகர்ந்து பார்த்தது, பிறகு அசையவில்லை. சொம்பில் பால் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் குதித்த குதிக்கு அளவே இல்லை.

சாயங்காலம் நைனா சைக்கிளைப் பிடித்தபடியே அந்தக் கோலத்தைப் பார்த்து நின்றார். அத்தை வேலிக்கு மேலே எட்டி, "இன்னா அண்ணி, எந்த ஷிப்டு?" என்றாள். அம்மாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஆட்டை விற்கும் பேச்சு அதோடு போயிற்று. அந்தச் சட்டையை மட்டும் அம்மா வெளுக்கப் போடவே மாட்டாள். கேட்டால், "வெளுத்தா ஆட்டுக்கு வாசன தெரியாதுடி" என்பாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு விடுமுறை நாளில், அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, நானே சொம்பை எடுத்துப் போய் உட்கார்ந்தேன். சட்டை ஞாபகமே வரவில்லை. ஆடு அசை போட்டபடி நின்றது. அரைச் சொம்பு நுரையோடு உள்ளே ஓடினேன்.

"எம்மா! சட்டையே வாணாம்மா, சும்மாவே கறக்குது!"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா கூழ்ச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"உனுக்குக் கறக்கும். எனுக்குக் கறக்காது. போடி வேலையப் பாத்துகினு" என்றாள் அம்மா.

மறுநாளும் அந்தச் சட்டைதான். எனக்கு அம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வந்த கைப்பழக்கம் அவளுக்கு வரவில்லையே! எங்கம்மாவுக்கு இன்னும் ஆடு கறக்கத் தெரியாது என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அம்மா காதுக்கும் எட்டியது. அடி விழும் என்றுதான் பயந்தேன்.

"ஆமா, எனுக்குத் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு சொம்பை எடுத்தாள்.