தெப்பக்குளத்துக்கு ஒரு டீசல் படகு

போன மாதம் எங்கள் தெருவுக்குள் ஒரு படகு வந்தது.

ஆமாம், படகுதான். கடலே இல்லாத காஞ்சிபுரத்தில், லாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது. காலை நேரம். தெரு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டிச் சரிபார்க்கும் நேரத்தில், மந்திரியே வந்தாலும் எங்கள் தெருவில் வழி கிடைக்காது. லாரி டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

படகை வாங்கியவர் என் பக்கத்து வீட்டுச் சபாபதி. வீட்டிலேயே தறி போட்டிருக்கும் பட்டு நெசவாளர். மீன் சாப்பிடாதவர். நீச்சல் தெரியாதவர். இவருக்கு எதற்கு ஒரு பழைய மீன்பிடிப் படகு?

தெருக்கோடியில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அதற்கு ஒரு குளம், குளத்தின் நடுவே சின்ன மண்டபம். மாசி மாதத்தில் ஒரு நாள் தெப்பம். டிரம்களின் மேல் பலகை அடித்து, பூவும் விளக்குமாக ஜோடித்து, சாமியை எழுந்தருளச் செய்து, கரையில் நிற்பவர்கள் கயிறு பிடித்து இழுக்க, மண்டபத்தை மூன்று முறை வலம் வர வேண்டும். அது சபாபதி குடும்பத்து உபயம். செலவும் அவர்களுடையது, மரியாதையும் அவர்களுடையது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. காரணம் எதுவானாலும் சரி, தொடர்ந்து மூன்று வருடம் நடத்தாவிட்டால் அந்த உரிமை வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

முதல் வருடம் குளத்தில் தண்ணீர் இல்லை. இரண்டாம் வருடம் வீட்டில் ஒரு சாவு, தீட்டு. இந்த வருடம் மழை கொட்டித் தீர்த்து, குளம் நிரம்பி... தெற்குக் கரை சரிந்து விழுந்துவிட்டது. படிக்கட்டோடு. அந்தப் பக்கம் நின்று கயிறு இழுக்க ஒரு அடி இடம் கிடையாது. மூன்று கரையிலிருந்து இழுத்தால் தெப்பம் முக்கால் சுற்று வரும். முக்கால் சுற்று வந்து திரும்பினால் அதற்குப் பெயர் வலமா?

அடுத்த தெரு ஜரிகை வியாபாரி ஒருவர், “அவங்களால முடியலைன்னா நாங்க எடுத்துக்கறோம்” என்று கோயிலில் சொல்லி வைத்துவிட்டார் என்று செய்தி. சபாபதிக்குத் தூக்கம் போயிற்று.

“சார், மோட்டார் படகு ஒண்ணு வாங்கி, முன்னாடி வுட்டு இழுத்தா இன்னா?” என்றார் ஒரு நாள்.

“துடுப்புப் போடுகிற படகு போதாதா?” என்றேன்.

“தறி மிதிக்கிறவன் சார் நானு. துடுப்பு எவன் போடுவான்?”

வாடகைக்கு விசாரித்தார். கடலில் ஓடும் படகைக் குளத்துக்கு வாடகை விட ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில், புதுத் தறி போடச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, கோவளம் குப்பத்துக்குக் கிளம்பினார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னையும் இழுத்துக்கொண்டார். இன்ஜினுக்கென்று கூட வந்தவர் பக்கத்து ஓரிக்கை கிராமத்துத் துரைசாமி. விவசாயி. கிணற்றில் டீசல் பம்புசெட் வைத்திருக்கிறார், அதைத் தானே பிரித்துத் தானே மாட்டுவார்.

விற்கிறவர் பெயர் அந்தோணி. பெரிய படகு வாங்கப் போவதால் சின்னதை விற்கிறார். படகு ஒன்று, இன்ஜின் இரண்டு. எது வேண்டுமோ அதைப் பூட்டித் தருவதாகச் சொன்னார்.

ஒன்று பெட்ரோல். படகின் பின்னால் கொக்கி போட்டு மாட்டுவது. ஒரு ஆள் தூக்கிவிடலாம். இன்னொன்று டீசல். படகின் வயிற்றுக்குள் நட்டு போட்டு உட்கார வைப்பது. நாலு பேர் தூக்கினாலும் முனகும்.

“பெட்ரோலு விர்ருனு போகும் சார். ஆனா அதுக்குக் கோவம் வந்துச்சுனா கயித்தை இஸ்துக்கினே கெடக்கணும்” என்றார் அந்தோணி. “டீசலு அப்படி இல்ல. மாடு மாதிரி. போட்டா இழுக்கும்.”

துரைசாமி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். “டீசல்தான்பா. பெட்ரோல் விக்கிற வெலைக்கு எவன் ஊத்தறது? ரிப்பேர்னா நம்ம ஊர்ல எந்த மெக்கானிக்கு பாப்பான்? டீசல்னா பம்புசெட்டு இருக்கிற ஊரெல்லாம் ஆள் இருக்குது.”

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் சத்தம். “நாதஸ்வரம் கேட்காதே?” என்றேன். இரண்டுமே கத்தும் என்று அந்தோணி உண்மையைச் சொன்னார்.

எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு எடை இழுக்கும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும் — எல்லாம் கேட்டோம். கடலில் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தோம். நான் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சபாபதி கண்ணைத் திறக்கவே இல்லை. துரைசாமி மட்டும் இன்ஜின் பக்கத்தில் காது வைத்துக் கேட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். டீசல் முடிவாயிற்று.

லாரியிலிருந்து இறக்கியதும் சபாபதியின் மனைவி வள்ளியம்மை மூக்கைப் பொத்திக்கொண்டார். புளி போட்டுத் தேய்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மீன் வாசனை கொஞ்சம் யோசித்துவிட்டு அங்கேயே இருந்தது. மீன் படகு சாமி காரியத்துக்கு ஆகுமா என்று தெருவில் பேச்சுக் கிளம்பிற்று. குருக்களிடம் போனோம்.

“பெருமாளே மீனா வந்தவரு தானே சாமி?” என்றார் துரைசாமி.

“அதைச் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில்ல போய்ச் சொல்லுங்கோ” என்றார் குருக்கள். பிறகு, “சாமி அதுல ஏறப் போறதில்லையே. இழுக்கத்தானே போறது? அலம்பி விட்டுக் கட்டுங்கோ” என்று முடித்தார்.

தெப்பத்துக்கு முதல் நாள் காலை வெள்ளோட்டம். தெருவே படிக்கட்டில். சாமி இல்லாத வெறும் தெப்பத்தைப் படகோடு கயிற்றால் கட்டினோம். சபாபதியும் நானும் படகில் ஏறிக்கொள்ள, துரைசாமி ஹேண்டில் போட்டுச் சுற்றினார். படபடவென்று எடுத்தது. கறுப்புப் புகை.

கிளம்பியது பாருங்கள்... கயிறு விறைத்தது, தெப்பம் ஒரு குதி குதித்தது, மேலே கட்டியிருந்த வாழைமரம் இரண்டும் தண்ணீரில் விழுந்தன. மண்டபத்தை வளைத்துத் திரும்பும்போது தெப்பம் அகலமாக வீசிக்கொண்டு போய் வடக்குப் படியில் மோதிற்று. ஒரு டிரம் நசுங்கியது. படிக்கட்டில் இருந்தவர்கள் மேல் படிக்கு ஓடினார்கள்.

“கொறைங்க, கொறைங்க” என்று சபாபதி அலறினார்.

“இதுக்கு மேல கொறைச்சா அணைஞ்சிடும்பா” என்றார் துரைசாமி. சொல்லி வாய் மூடுவதற்குள் அணைத்தும் விட்டார்.

கரையிலிருந்து வள்ளியம்மை கேட்டார். “சாமிய வலம் கூட்டிக்கினு போறீங்களா, பஸ் புடிக்கக் கூட்டிக்கினு போறீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. சாமி நிதானமாகப் போக வேண்டும். கடைசிப் படியில் நிற்கும் கிழவிக்கும் கும்பிட நேரம் வேண்டும். எவ்வளவு வேகம் போகும் என்று கோவளத்தில் மூன்று பேரும் கேட்டோம். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஒருவராவது கேட்டோமா?

படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டது. சபாபதி அதில் உட்கார்ந்து அழுதார். மறைக்கவில்லை. “நாளைக்கு நடக்கலைனா அந்த நாளு எங்களுது இல்ல சார். நான் உயிரோட இருக்கிறப்பவே போயிடுச்சுனு ஆயிடும்” என்றார். டீசல் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லையே.

தெப்பம் தன் பாட்டுக்கு எங்கோ ஒதுங்கப் பார்த்தது. எரிச்சலில் சபாபதி கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவு பெரிய தெப்பம் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. அவர் கயிற்றைப் பார்த்தார், தெப்பத்தைப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார்.

“சார்... இது கையாலயே வருது சார்.”

“அதான் எந்நாளும் கையால இஸ்துக்கினு இருந்தோமே” என்றார் வள்ளியம்மை. “அந்தப் பக்கம் நிக்க எடம்தானே இல்ல? படகை இட்டுக்கினு போயி அங்க கட்டிட்டு, அது மேல நில்லுங்களேன்.”

அப்படியே செய்தோம். இடிந்த தெற்குக் கரைக்கு முன்னால் படகை நிறுத்தி, நங்கூரம் போட்டு, பின்னால் இருந்த அரசமரத்தோடு சேர்த்துக் கட்டினோம். மறுநாள் மாலை கிழக்குக் கரை ஆட்கள் கயிற்றை எங்களிடம் வீச, படகில் நின்ற நாங்கள் தெப்பத்தைத் தெற்கே இழுத்து, கயிற்றை மேற்குக் கரைக்குக் கொடுத்தோம். நானும் இழுத்தேன். ஒரு செருப்பு குளத்தோடு போயிற்று. எட்டு ஆள் ஒரே பக்கம் சாய்ந்து இழுத்தும் படகு லேசாக அசைந்ததோடு சரி. நாதஸ்வரம் ஒவ்வொரு சுரமாகக் கேட்டது. சாமி மூன்று சுற்றும் அவசரமில்லாமல் வந்தார். சபாபதி தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஜரிகை வியாபாரியும் வந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார்.

துரைசாமியைத்தான் இப்போது பிடிக்க முடியவில்லை. “டீசலு, அடியில கனமா உக்காந்துக்கினு இருந்துச்சு, படகு கவுழல. பெட்ரோல் வாங்கியிருந்தா எட்டு பேரும் கொளத்துல” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுக்க வழியில்லை. சரியான இன்ஜினைத்தான் வாங்கியிருக்கிறோம், காரணம்தான் வேறு.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் பாடத் தெரியுமா என்று கேட்கிறோம். கல்யாணம் ஆன பிறகு எந்த வீட்டில் பாடச் சொல்கிறார்கள்? நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரியாதபோது, கேள்விகள் மட்டும் பிரமாதமாக வருகின்றன.

படகை இப்போது விற்கப் போகிறார் சபாபதி. போன வாரம், ஏரியில் மீன் குத்தகை எடுத்த ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், இன்ஜினைக் குனிந்து பார்த்தார். நாங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“இன்னா ஸ்பீடு போகும்?”

சபாபதி யோசிக்கவே இல்லை. “போறதைப் பத்தி எனக்குத் தெரியாதுபா. நல்லா நிக்கும்.”