மல்சூனின் கடைவாய்ப்பல்

கொரியாவின் தேகு நகரத்துக் கடைத்தெருவில் மாட்டெலும்பு சூப் விற்கும் மல்சூனுக்கு மூக்குக்கு மேலே கோபம். ஜாடியில் ஊறிப் புளிக்கும் முள்ளங்கிக் கிம்ச்சி பதமாகிவிட்டதா என்று அவள் பல்தான் தீர்ப்புச் சொல்லும். இடப்பக்கம் கழற்றி மாட்டும் பல்செட்; அதை நம்ப மாட்டாள். வலது கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்துத் தலையாட்டினால்தான் ஜாடி பந்திக்கு வரும். மருமகள் யூன்ஹி ஜாடியைத் தொடக்கூடாது.

அந்தப் பல்லே சொத்தையானது. பிடுங்க உட்கார்ந்தபோது பல் டாக்டர் சொன்னார்: "குழியில எலும்புத்தூள் வச்சு மூடிடலாம்மா. இல்லேன்னா தாடை வத்திப்போயிடும். அப்புறம் புதுப்பல் நட முடியாது."

"என்ன எலும்பு?"

"மாட்டெலும்பு. சுத்தம் பண்ணினது."

வந்ததே கோபம்! "யாருகிட்ட மாட்டெலும்பு விக்கிற? அண்டா அண்டாவா காய்ச்சுறவ நான்! உன் பொடிய நீயே வச்சுக்க!"

கால் முறிந்தவனுக்கும் கை முறிந்தவனுக்கும் ஊரே அவள் சூப்பைத்தான் வாங்கிப் போகிறது. பல்குழிக்கு மட்டும் ஆகாதா? வெறும் குழியோடு வந்து, விடிந்தால் சூப், பொழுது சாய்ந்தால் சூப் என்று குடித்தாள்.

"டாக்டர் சொன்னதக் கேட்டிருக்கலாம் அத்தை."

"பெரிய டாக்டரு இவ! போய் வெங்காயத்த உரி."

குளிர்காலம் கழிந்து புதுப்பல் நடப் போனாள். எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"எலும்பு அமுங்கி மெலிஞ்சு போச்சும்மா. பல்லு நிக்காது. இனிமே பெரிய ஆபரேஷன்தான். உங்க சர்க்கரைக்கு அது வேண்டாம்."

"அன்னைக்கே என் வாய அடைச்சு வச்சுத் தொலைச்சிருக்கலாம்ல!"

"உங்க வாய அடைக்க யாரால முடியும்?"

அவர் சொன்னது நிஜம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் மதியம், கடை நிறைய ஆள். வாடிக்கைக்காரர் ஒருவர் கிம்ச்சித் தட்டைத் தள்ளினார். "முள்ளங்கி பச்சையா இருக்கு! யாரும் கடிச்சுப் பாக்கலையா?"

கடித்துப் பார்த்திருந்தாள், ஆடும் பல்செட்டால். கரண்டியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள். உள்ளே போய் அடுத்த ஜாடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து மருமகள் முன்னால் நீட்டினாள்.

"கடி."

யூன்ஹி பயந்துகொண்டே கடித்தாள். நறுக்கென்று கேட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் ஊறணும் அத்தை."

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் மல்சூன்.

அவளுக்குத் தெரியவில்லை.