சாயத்தண்ணியில் விழுங்கிய மாத்திரை

“சிஸ்டர் போயிட்டாங்க” என்று டிஸ்பென்சரியிலிருந்து போன் வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காமராவில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்த மரியபுஷ்பம் சிஸ்டருக்குக் கம்பெனி மாலை அனுப்பியது. “ஒரு மாத்திரையைக்கூட வீணாக விட்டதில்லை” என்று மேனேஜர் இரங்கல் கூட்டத்தில் புகழ்ந்தார். சிஸ்டர் வெட்கப்பட்ட ஒரே காரியம் அந்த மாத்திரைதான் என்பது அவரை அறிந்த எங்களுக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையில் இருந்தேன். கர்ப்பிணிகளான நாங்கள் வீட்டில் மறந்துவிடுவோம் என்று, காலையில் கொழுந்து எடை போடும் இடத்துக்கே சிஸ்டர் வந்து, இரும்புச்சத்து மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைப்பார். எங்கள் கையில் இருப்பது பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணி போத்தல்தான். மத்தியானம் வரை எங்களுக்கு ஆகாரமும் அதுதான்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மாமியார் என் ராசியைக் குறை சொன்னார். சிஸ்டர் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்து என் கீழிமையை இழுத்துக் காட்டினார். “ராசியைப் பாக்காதீங்க, இதைப் பாருங்க. ரத்தமே இல்லீங்க. சக்கரை, தைராய்டுன்னு ஒண்ணாச்சும் பாத்தீங்களா?” அவரே பார்க்க வைத்தார். அவை சரியாக இருந்தன. இத்தனை மாத்திரைக்குப் பிறகும் ரத்தம் ஏன் ஏறவில்லை என்பது அவருக்கே விளங்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த மறுநாள், எடை போடும் இடத்தில் எல்லோர் முன்னும் நின்றார். “சாயத்தண்ணி இரும்புச்சத்தை ஒடம்புல சேர விடாதுங்க. தெரியாம நாந்தான் அதோட முழுங்க வெச்சேன். தப்பு என்னோடதுங்க.”

சாயத்தண்ணிக்குப் பதில் கர்ப்பிணிகள் காலையில் உட்கார்ந்து சாப்பிட அரைமணி நேரம் கேட்டு அப்போதைய மேனேஜரிடம் போனார். “டீ எஸ்டேட்லயே டீ குடிக்காதேங்கறீங்களா சிஸ்டர்?” என்று அவர் சிரித்தார். அரைமணி நேரம் கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து சிஸ்டர் மாத்திரை விழுங்கவென்று தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்.

அந்த வாரமே என் லயத்துக்கு வந்து கையைப் பிடித்தார். “அந்த ரெண்டும் இதனாலதானான்னு எனக்குத் தெரியாதுங்க. இருந்தாலும் மன்னிச்சுக்குங்க.” நான் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவருடைய தண்ணீர்க் கேன் இப்போது பிள்ளைக் காமராவில் இருக்கிறது. மாத்திரைக்கு வரும் பெண்களுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன். போன என் இரண்டு பிள்ளைகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை.