ஓடில்லாத முட்டையும் கருவாட்டுக் களமும்

கோழி ஓடில்லாமல் முட்டையிட்டதும் நான் பதறியதுபோல் மகள் பிறந்தபோதுகூடப் பதறியதில்லை. புரதம் போதவில்லை என்று நானே வைத்தியராகி, தீவனத்தில் மீன்தூளை அள்ளிக் கொட்டினேன்.

"இன்னாங்க, முட்டைக்குள்ள கருவாடு கீது!" என்று மனைவி தட்டைத் தள்ளினாள்.

கருங்குழி தீவனக்கடைக்காரர் சிரித்தார். "ஓட்டுக்குக் கிளிஞ்சல்தூள் வேணும் அண்ணாத்த. மீன்தூளை நிறுத்து, பத்து நாள்ல நாத்தம் போய்டும்."

போய்விடுமா? மறுநாள் அந்த முட்டையைத் தின்றபோதுதான், மாமல்லபுரத்துக் கடலோரக் கருவாட்டுக் களம், வெயிலில் விறைத்த மீன்களும், உப்புமணலைக் கோழிகள் கிளறும் சரசரப்பும், அவற்றை ஓயாமல் விரட்டும் அம்மாவின் "சூ... சூ..."வும், அவை இட்ட இதே நாற்ற முட்டையுமாக என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. இப்போது அங்கே ஓட்டல்காரர்களின் நீச்சல்குளம். அம்மாவும் இல்லை.

எல்லாக் கோழிக்கும் மீன்தூளை நிறுத்திக் கிளிஞ்சல்தூள் வைத்துவிட்டேன். தனிக்கூண்டுக் கறுப்பிக்கு மட்டும், மனைவிக்குத் தெரியாமல், கூடவே மீன்தூளும் உண்டு. கறுப்பி மண்ணைக் கிளறும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் "சூ" என்று கேட்கிறது. அது அசைவதில்லை, நான்தான் துள்ளி நகர்கிறேன்.