ஐந்து பொத்தான்கள்

என் காது மிஷினுக்குப் பேட்டரி போட மருமகள் முகத்துக்கு நேரே குனிந்தாள். அவள் மூச்சில் காப்பி வாசனை அடித்தது. அறுபதுகளில், அந்தமானில் சாத்தம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அம்மாவிடமும் காலையில் இதே வாசனைதான்.

அப்பாவுக்கு அங்கே மரம் அறுக்கும் மில்லில் வேலை. நாலு வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குவார்கள். எனக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம் என்று எல்லாவற்றையும் வீட்டில் அவர்களே செய்துவிட்டார்கள். எட்டு வயதிலும் என் விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை.

பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து ஐந்து பொத்தானையும் போட்டுவிடுவாள். அப்போது மட்டும்தான் அவள் முகம் எனக்கு நேராக வரும். போட்டபடியே ஏதாவது பேசுவாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். மற்ற நேரமெல்லாம் நான் பார்த்தது எல்லாருடைய முதுகையும்தான்.

ஒரு மழைக்காலத்தில் தனியாக உட்கார்ந்து நானே பழகிக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை. காலையில் பொத்தான் போடாமலே அம்மா முன்னால் போய் நிற்பேன்.

மெயின்லேண்ட் கப்பல் வந்த ஒருநாள் தெருவே வேடிக்கை பார்க்க ஓடியது. நானும் அவசரமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“பூராவும் நீயே போட்டியா? ஷாபாஷ்டி!” என்று கட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் முட்டிபோடவில்லை.

“நான் ஊர்ல இல்லாதப்ப நீங்களேதானே பேட்டரி மாத்துனீங்க, அத்தை?” என்றாள் மருமகள்.

“இப்ப விரல் மடங்க மாட்டேங்குதும்மா,” என்றேன், அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே.